கையெழுத்தும் தட்டச்சும்: பாடி கண்ட மூன்று பரீட்சைகள்

வெளிநாட்டில் மேற்படிப்பை நாடியோ உத்தியோகத்தை நாடியோ புறப்படுகிற நம் இளைஞர்கள் முதலில் கடக்கவேண்டிய வாயில்களுள் ஒன்றாகிய ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சை, 1989-ஆம் ஆண்டு முதல் அந்தப் பெயரோடு நடந்துவருகிறது. அதில் பேச்சுத் திறமையை அளந்தறியும் பகுதி 11 முதல் 14 நிமிஷங்களுக்குள் முடிந்துவிடும். பரீட்சகர் முதல் நான்கைந்து நிமிஷங்களில் வீடு, ஊர், படிப்பு, பொழுதுபோக்கு முதலிய பழகிய விஷயங்களைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பார். அக்கேள்விகளுள் அடிக்கடி தலைகாட்டுவது கையெழுத்தையும் தட்டச்சையும் பற்றியது. கையால் எழுதுவதை விரும்புகிறீர்களா, தட்டச்சு செய்வதையா? தட்டச்சு எப்பொழுது, எப்படிக் கற்றீர்கள்? கையெழுத்தைக் கொண்டு ஒருவருடைய குணத்தை அறிய முடியுமா? கேள்விகள் இவ்வளவு எளியவை.

சென்னையின் மேற்கே, வில்லிவாக்கத்தைத் தாண்டித் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பாடியிலும், அதை அடுத்த கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி முதலிய இடங்களிலும் இப்பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகள் பலர். அவர்களில் பெரும்பாலோர் இக்கேள்விக்கு யாரோ எங்கோ எழுதிவைத்த மாதிரி விடையையே நெட்டுருப் போடுகிறார்கள். தட்டச்சு வேகமானது, கையெழுத்து அந்தரங்கமானது என்ற இரண்டு வாக்கியங்களோடு அந்த விடை தீர்ந்துபோகிறது. எழுத்தை ஜீவனோபாயமாகக் கொண்ட தலைமுறைகள் அடுத்தடுத்து வாழ்ந்த ஒரு வட்டாரத்தில் பிறந்த பிள்ளை, அந்த வரலாற்றை அறியாமல் அந்நியருடைய சொற்களை இரவல் வாங்கவேண்டி நேர்வது வருந்தத்தக்கது. அவ்வருத்தம் நீங்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடியின் பழமை, தொழிற்சாலைகளின் பழமையன்று. இங்குள்ள திருவலிதாயம், ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். அத்தகைய பதிகங்களைப் பல நூற்றாண்டுகள் காத்து நமக்கு அளித்தவை ஓலைச் சுவடிகளே. இடக்கையில் ஓலையைப் பிடித்து, வலக்கையில் எழுத்தாணியை ஊன்றி, மையின்றி முதலில் கீறி, பிறகு மைபூசித் துலக்கி எழுதிய அந்தக் காலத்து எழுத்தர்கள், புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று அஞ்சி, மெய்யெழுத்துக்குரிய புள்ளியை இடாமலே விட்டார்கள். க என்று எழுதியிருப்பது ககரமா, ககர மெய்யா என்பதை இடம் நோக்கி அறிந்துகொள்வது படிப்பவருடைய பொறுப்பாயிற்று. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் இவ்வாறே மயங்கிக் கிடந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் தெளிவுபெற்றது. எழுதும் சாதனம் எழுத்தின் வடிவத்தையே ஆளுகிறது என்பதை நம்முடைய ஓலைகளைவிடத் தெளிவாய்க் காட்டும் சான்று வேறில்லை. அந்தப் புள்ளி பின்னொரு காலத்தில் ஒரு யந்திரத்தில் எப்படி மீண்டு வந்தது என்பதைக் கீழே காண்போம்.

ஓலைக்கு முன் மணல். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை, உபாத்தியாயர் தன் விரலைப் பிடித்து மணலில் வரைவித்த எழுத்தை, வாயால் உச்சரித்துக்கொண்டே தானாக வரையும்வரை பழகிய பிறகே ஓலையைத் தொடும். விரலும் நாவும் ஒருங்கே பயின்ற அந்த முறை உலக சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டது. 1789-ஆம் ஆண்டில் எழும்பூரில் இருந்த இராணுவ அநாதைப் பிள்ளைகளின் கல்விச்சாலையை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, அதையே தம் மாணவர்களுக்கும் ஏற்படுத்தினார். முன்னே கற்ற பிள்ளை பின்னே வருகிற பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு இணைத்தார். இங்கிலாந்து திரும்பியபின் 1797-இல் அதைப் பற்றி அவர் நூலொன்று வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது அந்நாட்டுப் பள்ளிகளில் பரவிற்று. ஆங்கிலக் குழந்தைகள் நம்மூர்ப் பிள்ளைகளைப் போல மணலில் எழுத்துப் பழகிய காலம் ஒன்று இருந்தது என்பதை, ஆங்கிலப் பரீட்சகருக்கு முன்னால் அமரும் பாடிப் பிள்ளை அறிந்திருப்பது நல்லது.

கையெழுத்து உத்தியோகத்தின் திறவுகோலாயிற்று என்பதற்கு ஜார்ஜ் கோட்டையே சாட்சி. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோக வரிசையில் கடைசிப் படிக்கு ‘ரைட்டர்’ என்று பெயர். 1744-இல் சென்னைக்கு வந்திறங்கிய ராபர்ட் கிளைவ், அந்தப் படியில் தொடங்கியவரே. கணக்கையும் கடிதத்தையும் படியெடுத்துப் படியெடுத்து அனுப்புவதே அன்றைய ஆட்சியின் அன்றாட வேலையாய் இருந்தமையால், தெளிவான கையெழுத்தும் பிழையற்ற ஆங்கிலமும் உடையவன் எந்தக் குலத்தவனாயினும் கச்சேரியில் இடம்பெறக்கூடும் என்ற நம்பிக்கை நம்மவரிடம் படிப்படியாய் வேரூன்றியது. 1856-இல் இராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக மேற்கே வாலாஜா வரை ரயில்பாதை திறந்தபின், நகரத்துக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்துவிட்டு மேற்கேயுள்ள சிற்றூரில் குடித்தனம் நடத்துவது சாத்தியமாயிற்று. பள்ளிகளில் இரட்டைக்கோடு நோட்டும் நான்கு கோடு நோட்டும் வந்தன. சாய்வும் அழுத்தமும் மாறாமல் ஒரே வாக்கியத்தைப் பக்கம் முழுவதும் எழுதும் ‘காப்பி ரைட்டிங்’ அப்பியாசம், பிள்ளையின் படிப்பை மட்டுமன்றி அவனுடைய பொறுமையையும் சோதித்தது. ‘கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது’ என்று வீட்டுப் பெரியோர் சொன்னாலும், அதே பெரியோர்தாம் கோணலாய் எழுதிய பக்கத்தை மறுபடி எழுதச் சொன்னார்கள். இதுவே நம் வட்டாரம் கண்ட முதற் பரீட்சை. கை எழுதிற்று, அந்தக் கையே குடும்பத்தைக் காத்தது.

இரண்டாம் பரீட்சை யந்திரத்தோடு வந்தது. அமெரிக்காவில் ஷோல்ஸ் முதலியோர் ஆக்கிய தட்டச்சுப் பொறியை 1874-இல் ரெமிங்டன் கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கென்று அமைந்த அந்த விசைப்பலகையில் தமிழின் 247 எழுத்துகளையும் அடக்குவது எப்படி என்ற சிக்கலை அவிழ்த்தவர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று உழைத்த ஆர். முத்தையா. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி விசை தேடாமல், எழுத்தையும் குறியையும் பிரித்து, சில குறிகளுக்கு ‘நகரா விசை’ அமைத்ததே அவருடைய நுட்பம். அந்த விசையைத் தட்டினால் காகிதம் ஏந்திய வண்டி நகராது. ஆகவே புள்ளியை முதலில் தட்டிவிட்டு எழுத்தைப் பின்னால் தட்டினால், எழுத்து அந்தப் புள்ளியின் கீழே சரியாய் வந்து அமரும். ஓலை எழுத்தர் விட்டுவிட்ட புள்ளியை, தட்டச்சர் எல்லாவற்றுக்கும் முன்னதாக இடவேண்டியதாயிற்று. கையால் எழுதுகிறவன் க எழுதிப் புள்ளி வைக்கிறான். யந்திரத்தில் தட்டுகிறவன் புள்ளி வைத்துக் க எழுதுகிறான். இந்த மாற்றத்துக்கு மனத்தைப் பழக்குவதுதான் தமிழ்த் தட்டச்சு மாணவருக்கு முதல் வாரங்களின் பெருஞ்சோதனை.

தமிழ்த் தட்டச்சுக்குத் தேவையை உண்டாக்கியது 1956-இல் நிறைவேறிய ஆட்சிமொழிச் சட்டம். தமிழிலேயே கோப்புகள் நடக்கவேண்டுமானால் தமிழிலேயே தட்டத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதால், அரசாங்கக் காரியாலயங்களில் தமிழ்த் தட்டச்சருக்கு இடமும் மதிப்பும் வளர்ந்தன. பின்னர் 1978-இல் பெரியார் வகுத்த எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாங்கம் ஏற்று, ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்களைக் கைவிட்டபோது, பள்ளிப் புத்தகங்களும் அச்சகங்களும் மாறின. ஆனால் பல்லாண்டு பழகிய பெரியோரின் கை மாறவில்லை. துதிக்கை போல் வளைந்த பழைய ‘லை’ அவர்களுடைய கடிதங்களில் அவர்கள் ஆயுள் உள்ளவரை நீடித்தது. அச்சு ஆணைக்குப் பணிகிறது, கை வழக்கத்துக்குப் பணிகிறது. கையெழுத்து ஒருவரைப் பற்றி என்ன தெரிவிக்கிறது என்று கேட்கும் பரீட்சகருக்கு, அது எழுதியவர் எந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் சென்றார் என்பதைத் தெரிவிக்கும் என்று நம் பிள்ளைகள் துணிந்து விடை கூறலாம்.

இனிப் பாடியின் தொழில் யுகத்துக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே தேசத்தின் இலட்சியம் என்று தீர்மானித்தது. அதே ஆண்டில் பம்பாயில் கோத்ரெஜ் ஸ்தாபனம் இந்தியாவின் முதல் சொந்தத் தட்டச்சுப் பொறியைச் செய்து வெளியிட்டது. சென்னையிலும் ராயலா கார்ப்பரேஷன், ஸ்வீடன் தேசத்து ‘ஹால்டா’ பொறியைத் தயாரித்தது. பிற்காலத்தில் பெருங்குடியில் ‘பேசிட்’ பொறிகள் உருவாயின. யந்திரம் இங்கேயே கிடைத்தது. அதைத் தட்டும் விரல்களுக்கு வேலை தரும் தொழிற்சாலைகளும் நம் பக்கத்திலேயே எழுந்தன. 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்தது. 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-இல் சுந்தரம் கிளேட்டன், அவற்றோடு பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா ஆகியவை பாடியில் வரிசையாய் நின்றன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் அதே பத்தாண்டுகளில் வந்தன.

இந்தத் தொழிற்சாலைகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. டி.ஐ. சைக்கிள்ஸுக்கும் லூகாஸுக்கும் பர்மிங்ஹாமோடு உறவு. கிளேட்டனுக்கு லிங்கன் நகரத்தோடு உறவு. பிரேக்ஸும் வீல்ஸும் இங்கிலாந்துக் கம்பெனிகளின் கூட்டுறவில் பிறந்தவையே. ஆகவே வரைபடம் கேட்டும், உதிரிப்பாகம் கேட்டும், விலை கேட்டும், உரிமம் கேட்டும் ஆங்கிலக் கடிதங்கள் போய்வந்துகொண்டே இருக்கவேண்டியதாயிற்று. பெரிய கம்பெனிகளைச் சுற்றி முளைத்த சிறு பட்டறைகளுக்கும் கொட்டேஷன், இன்வாய்ஸ், டெலிவரி சலான் என்று தட்டச்சு வேலை ஓயாது. லேத்தில் இரும்பைக் கடைந்தவர்களின் உழைப்பைப் பற்றி நாம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அந்த உழைப்பு சரக்காகி, சரக்கு பணமாகித் திரும்பிவருவதற்கு நடுவே நின்ற காகிதத்தையும், அதைப் பிழையின்றித் தட்டிய விரல்களையும் நாம் நினைப்பதில்லை.

அந்த விரல்களைப் பழக்கியவை ‘டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்’ என்ற பலகை தொங்கிய மாடியறைகள். பத்தாவது பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் பிள்ளையை ‘டைப்பு கிளாஸ்’ சேர்ப்பது, நடுத்தரக் குடும்பங்களில் ஏறக்குறைய ஒரு சம்ஸ்காரமாகவே இருந்தது. காலை ஆறு மணி முதல் இரவு வரை மணிக்கொரு ‘பேட்ச்’. பழைய ரெமிங்டனோ ஹால்டாவோ கோத்ரெஜோ எது கிடைக்கிறதோ அதன்முன் முக்காலி. இடக்கை விரல்களுக்கு ஆங்கிலமானால் ஏ, எஸ், டி, எஃப், தமிழானால் ய, ள, ன, க. விசையைப் பார்க்காமல் தாளைப் பார்க்கவேண்டும். எல்லா விரலும் ஒரே அழுத்தத்தில் விழவேண்டும். வரி முடிவில் மணி அடித்ததும் வண்டியைத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்கு வரவேண்டும். சுண்டுவிரல் பலமற்றது, பலமற்ற அந்த விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்குச் சமமான வேலை கொடுத்துச் சம வல்லமை உண்டாக்குவதே கலையின் இரகசியம் என்று ‘மாஸ்டர்’கள் கற்பித்தார்கள்.

பயிற்சியின் முடிவில் அரசாங்கப் பரீட்சை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்துகிற அந்தப் பரீட்சைக்கு, மக்கள் வழக்கில் ‘லோயர்’, ‘ஹையர்’ என்று பெயர். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 சொல். சொல்லுக்கு ஐந்து தட்டல் என்று கணக்கிட்டு, 10 நிமிஷத்தில் 1,500 தட்டல். ஹையருக்கு நிமிஷத்துக்கு 45 சொல். 10 நிமிஷத்தில் 2,250 தட்டல். இது ‘ஸ்பீடு’. இதற்கு மேல் கடிதத்தையும் அட்டவணையையும் ஒழுங்குபட அமைத்துக் காட்டும் ‘லெட்டர்’, ‘ஸ்டேட்மெண்ட்’ என்ற இன்னொரு தாள். வேகம் ஒரு தாளிலும் ஒழுங்கு ஒரு தாளிலும் தனித்தனியே சோதிக்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. வேகம் மட்டும் உடையவன் தேறமாட்டான்; ஒழுங்கு மட்டும் உடையவனும் தேறமாட்டான்.

தேறியவர்கள் அந்தச் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்தார்கள். அரசாங்கத்தின் தட்டச்சர் பதவிக்கு இரு மொழிகளிலும் தேர்ச்சி வேண்டும். குறைந்தது ஒன்றில் ஹையராவது இருக்கவேண்டும் என்ற விதி இன்றும் உண்டு. இவ்வாறு தமிழும் ஆங்கிலமும் ஒரே பத்து விரல்களில் குடியேறின. முக்கியமாக, பெண்களுக்கு இது திறந்த வழி பெரிது. கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய தகப்பனாரும், தெருக்கோடியில் உள்ள இன்ஸ்டிடியூட்டுக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கவில்லை. அங்கே ஒரு மணி நேரம் தட்டிப் பழகிய பெண், சில வருஷங்களுக்குள் சம்பளக் கவரோடு வீட்டுக்கு வந்தாள். நிலமும் முதலும் சிபாரிசும் இல்லாத குடும்பங்களை மாதச் சம்பளத்துக்குக் கொண்டு சேர்த்த சாதனங்களுள், இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நிறைந்த பயன் அளித்தவை வெகு சில.

தட்டச்சு வந்ததால் கையெழுத்து ஒழிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. அதே தொழிற்சாலைகளில் லெட்ஜரும், கிடங்குப் பதிவேடும், ஜாப் கார்டும் கையாலேயே நிரம்பின. அதிகாரி கையால் எழுதிய நகலைக் கொண்டே தட்டச்சர் கடிதத்தை அடித்தார்; மோசமான கையெழுத்தைப் படிக்க வல்லவர் என்பது தட்டச்சருக்குரிய சிறப்புத் தகுதிகளுள் ஒன்றாய் இருந்தது. அச்சடித்தாற்போல் வந்த கடிதமும் இறுதியில் ஒரு கையொப்பம் விழுந்தபிறகுதான் செல்லுபடியாயிற்று. கையும் யந்திரமும் இங்கே பகைவர்களாய் இருந்ததில்லை. ஒன்று தொடங்கியதை மற்றொன்று முடித்துக் கொடுத்தது. ஆகையால், இரண்டில் எதை விரும்புகிறீர் என்று கேட்கப்படும்பொழுது, இரண்டையும் எதிரெதிரே நிறுத்தித்தான் விடை சொல்லவேண்டும் என்ற நியதி நமக்கில்லை.

கணினி வந்தது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டு அரசாங்கம் ‘தமிழ்99’ விசைப்பலகையை ஏற்றது. 2009-இல் கோத்ரெஜ் தட்டச்சுப் பொறி செய்வதை நிறுத்தியது. பாடியும் அம்பத்தூரும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. தொழிற்பேட்டையின் பட்டறைகளுக்கிடையே கண்ணாடிக் கட்டடங்களும் அவற்றுள் கணினி உத்தியோகங்களும் வந்தன. டைப்பு கிளாஸ்கள் பல, கம்ப்யூட்டர் சென்டர்களாகி, பிறகு ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ பலகையையும் சேர்த்துக்கொண்டன. ஆயினும் லோயரும் ஹையரும் மறையவில்லை. ஆண்டுக்கு இருமுறை ஏராளமான பிள்ளைகள் இன்னும் அந்த யந்திரங்களின் முன் அமர்கிறார்கள்.

இப்பொழுது மூன்றாவது பரீட்சை, நாவின் பரீட்சை. முதலிரண்டிலும் ‘எழுதிக் காட்டு’ என்றார்கள். இங்கோ ‘எழுதுவதைப் பற்றிப் பேசிக் காட்டு’ என்கிறார்கள். பேச்சின் தடையற்ற ஓட்டம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கைக் கொண்டே மதிப்பெண் இடப்படுகிறது. விடையின் கருத்து சரியா தவறா என்று பரீட்சகர் பார்ப்பதில்லை. மனப்பாடம் செய்த விடையைப் பழகிய பரீட்சகர் எளிதில் கண்டுகொள்வார். அதனால் மதிப்பெண் குறையுமே ஒழிய ஏறாது. தனக்குத் தெரிந்ததைப் பேசுகிறவனுக்குத்தான் பேச்சு தடையின்றி வரும். தெரியாததைப் பேசுகிறவன் ஒவ்வொரு சொல்லுக்கும் திணறுவான். இதை மணலில் பயிற்றுவித்த உபாத்தியாயர் அறிந்திருந்தார். டைப்பு மாஸ்டரும் அறிந்திருந்தார். நாள் தவறாத அப்பியாசத்தால் உடம்பில் ஊறியது பரீட்சை மண்டபத்தில் கைவிடாது.

ஆகவே பாடிப் பிள்ளையின் விடை இப்படித் தொடங்கட்டும்: என் பாட்டனார் குமாஸ்தா, என் தாயார் ஹையர் தேறியவர், எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளுக்கு உங்கள் நாட்டோடு நடந்த கடிதப் போக்குவரத்தை எங்கள் தெருப் பெண்கள் தட்டினார்கள். இவற்றுள் எது தன் குடும்பத்துக்கு உண்மையோ அதைச் சொன்னால் போதும். அது சிறிய ஆங்கிலத்தில் சொல்லப்பட்டாலும் உயிருள்ள விடையாயிருக்கும். அதற்கு வேண்டிய பாடப்புத்தகம் வீட்டிலேயே இருக்கிறது. பெரியோரை உட்காரவைத்து, எந்த இன்ஸ்டிடியூட்டில் கற்றீர்கள், எந்த யந்திரத்தில் பழகினீர்கள், முதற் சம்பளம் எந்தக் கம்பெனியில் வாங்கினீர்கள் என்று கேட்டு, அதை முதலில் தமிழில் எழுதிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் பேசிப் பார்க்கும்படி பயிற்சி ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை ஏவவேண்டும்.

இதை வெறும் பரீட்சை உபாயமாக நாம் கூறவில்லை. மூன்று பரீட்சைகளுக்கும் இடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கையெழுத்தில் தேறியவனும் தட்டச்சில் தேறியவளும், மாலையில் ரயிலேறியோ நடந்தோ தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்கள் கற்ற வித்தை அவர்களை ஊரில் நிலைநிறுத்திற்று. இன்றைய பேச்சுப் பரீட்சையில் தேறுகிறவர் ஊரைவிட்டுப் போகிறார். போவது குற்றமன்று, மலாயாவுக்குப் போகாமல் முத்தையா அந்தத் தட்டச்சுப் பொறியை நமக்குத் தந்திருப்பாரா என்பது சந்தேகமே. ஆனால் போகிறவர் எதை உடன் கொண்டுபோகிறார் என்பது முக்கியம். தன் ஊர் எப்படி எழுதிப் பிழைத்தது என்று அந்நிய பாஷையிலும் தெளிவாய்ச் சொல்லத் தெரிந்தவர், எத்தேசம் சென்றாலும் வேரற்றவர் ஆகமாட்டார்; அந்தத் தெளிவைப் பிள்ளைகளுக்கு உண்டாக்குவது, மதிப்பெண்ணுக்காக மட்டுமன்றி, நம் ஊருக்காகவும் நாம் செய்யவேண்டிய கடமை.